ஒன்றாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை தேவை

தலைமை ஆசிரியருக்கு வாய் கொஞ்சம் நீளம். இது பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே அவர் அளந்து பேசுகிற மனுஷர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவில் நடப்பார், "ம்" என்பார், மிஞ்சிப் போனால் "பார்க்கலாம்" என்பார். அந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி மாய்ந்துபோவார்கள். ஒன்றும் இருக்காது. இருப்பதையெல்லாம் மூட்டை கட்டி அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மூட்டை அவிழும். இரண்டாம் வகுப்பு டீச்சர் பாடம் எழுதப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்ததும், பிள்ளைகள் அவரை எழுப்பிவிடக் கூடாதே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக மைதானத்துக்கு நழுவியதும். நாலாம் வகுப்பு சார் அலமாரிக்குப் பின்னால் நின்று போனில் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டதை வகுப்பே மனப்பாடம் செய்ததும். கம்பி வேலிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட ஒரு பையனுக்கு எண்ணெய் தடவி இழுத்ததும், அதை எப்படி விட்டான் என்று காட்டுகிறேன் என்று போன இன்னொருவன் மாட்டிக்கொண்டதும். எல்லாம் அபிநயத்தோடு வரும். நாள் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்த மனைவி, கால் வலி மறந்து சிரிப்பாள். மகளுக்குக் கை காய்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் உள்ள எல்லோருக்கும் அப்பா வைத்திருக்கும் பட்டப்பெயர் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். இரண்டாம் வகுப்பு டீச்சர் தூங்குமூஞ்சி. நாலாம் வகுப்பு சார் அலமாரி. கல்வி அலுவலகத்திலிருந்து எப்போதாவது வந்து, வாய் நிறையக் காற்றை இழுத்துவிட்டுப் போகிற அதிகாரி, கொட்டாவி.

இவ்வளவையும் தினம் காது குளிரக் கேட்கிற ஒரு தாய், அந்தப் பள்ளிக்கூடத்தில் தன் பெண்ணைச் சேர்ப்பாளா? மாட்டாள். வாலு பாலர் வகுப்பு முடித்துவிட்டாள்; அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு. நகரத்தின் மறுகோடியில், கழுத்துப்பட்டையும் பேருந்தும் உள்ள ஒரு தனியார் பள்ளியை மனைவி பார்த்துவைத்திருந்தாள். தலைமை ஆசிரியரும் அதற்கு "ம்" என்று தலையை ஆட்டியிருந்தார். வீட்டில் அவர் "ம்" என்று மட்டும் சொன்ன சமயம் அது ஒன்றுதான்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு திங்கட்கிழமை, கோடை விடுமுறை கூப்பிடு தூரத்தில் இருந்தபோது, கொட்டாவியிடமிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை அவர் நேரில் வருகிறார். அன்றைக்குத்தான் அடுத்த வருட ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதல்முறையாக வந்து காலை முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பழகுகிற நாள். அன்று தலையை எண்ணுவார். இருபது தலை இருந்தால் சரி. ஒன்று குறைந்தாலும் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்துக் கட்டி இரண்டாம் வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றாம் வகுப்பு டீச்சரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

பதிவேட்டைப் பார்த்தார். சரியாக ஒரு பிள்ளை குறைந்தது.

ஒன்றாம் வகுப்பு டீச்சரை அறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மெலிந்த, வேகமாக நடக்கிற பெண். கையில் எப்போதும் சாக்கட்டித் தூள் ஒட்டியிருக்கும்.

"எந்த ஸ்கூலுக்கு சார்?"

அவர் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம்.

"எங்கம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் வராது சார். போன வருஷம் விழுந்தாங்க. அதுக்காகத்தான் ஸ்கூலுக்குப் பின்னாடி சந்துல வீடு பார்த்துக்கிட்டு வந்தேன். மத்தியானம் பெல் அடிச்சதும் ஓடிப்போய் ஊட்டிவிட்டுட்டு, அடுத்த பெல்லுக்குள்ள வந்துடுவேன்." சாக்கட்டித் தூளைப் புடவையில் துடைத்தாள். "வேற ஸ்கூல் போனா வேலை இருக்கும். மத்தியானம் இருக்காது."

"பார்க்கலாம்" என்றார் தலைமை ஆசிரியர். சொன்னதும் அவருக்கே அந்தச் சொல்லின் மேல் வெறுப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆசிரியர்களைக் கூட்டினார். கரும்பலகையில் சுற்றுவட்டாரத் தெருக்களை வரைந்து, ஆளுக்கொன்று பிரித்துக் கொடுத்தார். சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்க வேண்டும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள தெருவுக்கு மட்டும் தானே போவதாகச் சொன்னார். அது அவருடைய சொந்தத் தெரு. "சாருக்குத்தான் எவ்ளோ பொறுப்பு, தூரத்துத் தெருவைத் தானே எடுத்துக்கிட்டார்" என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் வியந்தார். அவர் வீடு எங்கே என்று ஆசிரியர்களுக்குத் தெரியாது. யாரையும் அவர் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. ஒரு மகள் இருப்பது மட்டும் தெரியும். என்ன வயது என்று கேட்டால் "சின்னப் பொண்ணு" என்பார். மூன்று வருடமாக அந்தப் பெண் வளராமலே இருந்தாள்.

தன் தெருவில் பிள்ளை இல்லை என்று கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, அன்று சாயங்காலம் வேறொரு தெருவில் ஒரு தையல்காரர் வீட்டுக்குப் போனார். தையல்காரரின் மனைவி நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். அவர் தன் பள்ளியைப் பற்றிப் புகழ்ந்தார். காற்றோட்டமான கட்டடம், கண்ணும் கருத்துமான ஆசிரியர்கள், கட்டுப்பாடான பிள்ளைகள். பேசப் பேச அவருக்கே அது யாருடைய பள்ளி என்று சந்தேகமாக இருந்தது.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க பொண்ணு எங்க சார் படிக்கிறா?" என்றாள்.

"அவ... சின்னப் பொண்ணும்மா."

"அப்போ அவளுக்கு வயசானதும் அங்கதான் போடுவீங்க?"

தலைமை ஆசிரியர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இன்னொரு டம்ளரும் கேட்டார். தாகம் தீர்ந்த பிறகும் பதில் கிடைக்காததால், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். அவர் வந்தது சைக்கிளில். வாசலில் அவர் சைக்கிள் பூட்டைத் திறப்பதை அந்த அம்மாள் நின்று பார்த்தாள்.

புதன்கிழமை விதி நாய் ரூபத்தில் வந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கொடுத்திருந்த தெருவில் ஒரு நாய் அவளை முனை வரைக்கும் துரத்தியிருந்தது. அதைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு எந்தத் தெரு பாக்கி என்று பார்த்திருக்கிறாள். போய் வந்த தெருக்களைக் கரும்பலகையில் அடித்திருந்தார்கள்; ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெரு மட்டும் அடிபடாமல் இருந்ததால், சார் முதல் நாள் போகவில்லை என்று தெரிந்தது. பாவம், அவருக்குத் தலைக்கு மேல் வேலை, நாமே போய்விடலாம் என்று கிளம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் தலைமை ஆசிரியர் காய்கறிப் பையோடு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே வழக்கம்போல மூட்டை அவிழ்ந்தது.

"கேட்டியா சேதி? நம்ம தூங்குமூஞ்சி இன்னிக்கு என்ன பண்ணா தெரியுமா? பிள்ளை கேக்கப் போன வீட்டுல, சோபா கொஞ்சம் மெத்துன்னு இருந்துச்சாம், அங்கயே..."

கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் வாலு. எதிரே, முகத்தை மிக இயல்பாக வைத்துக்கொண்டு, மனைவி.

"வாங்க" என்றாள் மனைவி. "இந்த டீச்சர் ரொம்ப நேரமா அவங்க ஸ்கூலைப் பத்திச் சொல்லிட்டு இருக்காங்க. ஹெட்மாஸ்டர் தங்கமான மனுஷராம். அதிர்ந்துகூடப் பேச மாட்டாராம். பாப்பாவோட அப்பா என்ன வேலை பார்க்கறார்னு கேட்டாங்க. வந்ததும் நீங்களே தெரிஞ்சுக்கோங்கன்னு சொன்னேன்."

டீச்சர் எழுந்தாள். வாலு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இறங்காமல் தொங்கினாள். டீச்சர் அவரைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த முட்டைக்கோசைப் பார்த்தாள், பிறகு முன்பல் இரண்டும் விழுந்து மறுபடி முளைக்க ஆரம்பித்திருந்த வாலுவைப் பார்த்தாள்.

"இதுதானா சார், அந்தச் சின்னப் பொண்ணு?"

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் சொல்லக்கூடிய பதில்கள் எத்தனையோ இருக்கின்றன. தலைமை ஆசிரியர் வாயில் வந்தது, "பார்க்கலாம்."

டீச்சர் வாலுவை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, மனைவியிடம் "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்குக் கொடுத்த டீ அப்படியே இருந்தது.

மனைவி சிரிப்பாள், வாய்விட்டுச் சிரித்துத் தன்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. "எதுக்கு அந்தப் பொண்ணு இப்படித் தெருத்தெருவா அலையறா?" என்று கேட்டாள். அவர் சொன்னார், டீச்சரின் அம்மாவைப் பற்றியும் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியும். மனைவி டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் கதை இல்லை. வாலு இரண்டு முறை "அப்புறம்?" என்றாள். எதற்கு அப்புறம் என்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சைக்கிளை வழக்கத்தைவிட மெதுவாக மிதித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்; அலமாரி அலமாரிக்குப் பின்னாலிருந்து மாமியாருக்கே சொல்லியிருப்பார். ஆனால் டீச்சர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. "வணக்கம் சார்" என்றாள், வகுப்புக்குள் போனாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. மத்தியான மணி அடித்ததும் அவள் வாசலைத் தாண்டி ஓடுவதைத் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்தார். போன வருடமும் அந்த ஜன்னல் அங்கேதான் இருந்தது. அன்றுதான் அவள் ஓடுவது கண்ணில் பட்டது.

சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் கண்ணில் பட்ட கதவையெல்லாம் தட்டினார். ஒரு வீட்டில் சேர்க்கிறோம் என்றார்கள். பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னால் தவழ்ந்து வந்தது. இன்னொரு வீட்டில் பிள்ளைக்குச் சரியான வயது. ஆனால் அவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் வீட்டு அம்மாள் அவரைத் தூரத்தில் கண்டதுமே தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி மனைவியிடம் கேட்டார்.

"ஏம்மா, வாலுவை நம்ம ஸ்கூல்லயே சேர்த்துடலாமா?"

"நேத்து அந்தப் பொண்ணு பேசிட்டிருக்கும்போதே நான் முடிவு பண்ணிட்டேன்" என்றாள் மனைவி. "நீங்களா வாயைத் திறந்து கேக்கறீங்களான்னுதான் பார்த்துட்டு இருந்தேன்."

அவர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். மனைவி அவரை அதிக நேரம் உருக விடவில்லை.

"எனக்குச் சம்மதம். உங்களுக்குச் சம்மதமா? இவ வாயை யார் கட்டறது?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வாலு தரையில் உட்கார்ந்து தன் பாட்டுக்குப் பொம்மையின் தலையை ஜன்னல் கம்பிக்குள் விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியருக்கு அப்போதுதான் முழு ஆபத்தும் உறைத்தது. இத்தனை வருடம் அளந்து பேசிச் சேர்த்த மரியாதை எல்லாம் அந்த ஓட்டைப் பல் வாய்க்குள் இருந்தது. அவள் அங்கே சேர்ந்தால், எண்ணி ஒரு நாளில் தன் மானம் கப்பலேறிவிடும். சேராவிட்டால் அந்த டீச்சர் இரண்டு பஸ் மாறிப் போவாள். அவளுடைய அம்மா மத்தியானம் பசியோடு கிடப்பாள். சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வாலு, நாளைக்கு அப்பா ஸ்கூலுக்கு வர்றே."

அவள் கண்கள் விரிந்தன. "தூங்குமூஞ்சியைப் பார்க்கலாமா?"

"அப்படிச் சொல்லக் கூடாது. யாரையும் பட்டப்பேர் சொல்லக் கூடாது. சரியா?"

"சரி."

"ஆபீசர் வருவார். அவரை என்னன்னு சொல்லணும்?"

"கொட்டாவி மாமா."

"மாமாவும் வேண்டாம். கொட்டாவியும் வேண்டாம்."

"அப்போ என்னதான்ப்பா மிச்சம் இருக்கு?"

வெள்ளிக்கிழமை காலை ஒன்றாம் வகுப்பு வாசலில் அம்மாக்களும் அழுகையுமாக இருந்தது. வாலு தலையை வாரி, சட்டைப் பித்தான்களையெல்லாம் போட்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அப்பா கையைப் பிடித்து வந்தாள். அவளைக் கண்டதும் டீச்சர் ஒரு கணம் நின்றாள். பிறகு தலைமை ஆசிரியரைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக அசைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவர் வராந்தாக் கூரையைப் பார்த்தார்.

அதிகாரி வந்தார். தலைகளை எண்ணினார். இருபது. இன்னொரு முறை எண்ணினார். ஆசிரியர்கள் எல்லோரும் வாசலில் கூடியிருந்தார்கள். ஹெட்மாஸ்டர் சொந்த மகளைச் சேர்த்திருக்கிறார் என்ற செய்தி அதற்குள் பரவி, எல்லோர் முகத்திலும் பெருமை வழிந்தது. வாலு உதட்டைத் திறக்கவில்லை. கன்னம் உப்பி, முகம் சிவந்து, அடக்கிக்கொண்டு நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று தலைமை ஆசிரியர் நினைத்தார்.

அப்போது அதிகாரி, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த கையோடு, வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். சாதாரணமாக இல்லை, தோள் உயர்ந்து, கண்ணில் நீர் வந்து, கடைசியில் ஒரு சின்ன ஊளையோடு முடிந்த கொட்டாவி.

"அப்பா" என்றாள் வாலு, பரவசமாக. "கொட்டாவி மாமா நெஜமாவே விடறார்."

அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரொம்ப நாள் பிரிந்திருந்த சொந்தக்காரர்களைக் கல்யாண வீட்டில் பார்த்ததுபோல அவள் ஒவ்வொருவரிடமும் ஓடினாள். "நீங்கதானே தூங்குமூஞ்சி டீச்சர்? செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போனாங்களே, அந்தப் பிள்ளைங்க எங்க?" என்று இரண்டாம் வகுப்பு டீச்சரின் கையைப் பிடித்தாள். "அலமாரி சார், உங்க மாமியார் மன்னிச்சுட்டாங்களா?" என்று நாலாம் வகுப்பு சாரைக் கேட்டாள். அதில் கிண்டல் ஒரு துளி இல்லை. அவ்வளவு ஆசையாகக் கேட்டாள்.

நாலாம் வகுப்பு சார் முகம் கறுத்தது. இரண்டாம் வகுப்பு டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டு, "சாரா? நம்ம சாரா இதெல்லாம் பேசறார்?" என்றார், அதிர்ச்சி எதில் என்றால், அவர் பேசுவார் என்பதில்தான். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க வீட்டுலயும் அப்படித்தான் கூப்பிடறாங்க" என்று கையெழுத்துப் போட்டார். தலைமை ஆசிரியர் அசடு வழிய நின்றார். பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அது அவ்வளவு சுலபத்தில் பிளப்பதில்லை.

டீச்சர் சிரித்துக்கொண்டே வாலுவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு என்ன பேர் பாப்பா? பரவாயில்ல, சொல்லு."

வாலு அவளை உற்றுப் பார்த்தாள். யோசித்தாள். கிடைக்காமல், அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவரும் தேடிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பேர் இல்லையே" என்றாள் வாலு. "நீங்க அப்பா கதையில வந்ததே இல்லை."

டீச்சரின் சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. "நான் மூணு வருஷமா இங்கதான் பாப்பா இருக்கேன்" என்றாள். வாலுவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

நாலாம் வகுப்பு சாரின் கோபம்கூடத் தலைமை ஆசிரியரை அப்படிக் குத்தவில்லை. மூன்று வருடம் தினமும் அந்தக் கதவைத் தாண்டி நடந்திருக்கிறார். உள்ளே யாரும் தூங்கவில்லை, யாரும் நழுவவில்லை, யார் தலையும் எதிலும் மாட்டவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லை என்று தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார். சொல்லும்படி இவள் ஒன்றும் செய்ததில்லை என்றே நினைத்திருக்கிறார்.

"டீச்சர்" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். "நான் கொஞ்சம் உள்ள உட்காரலாமா?"

"உங்களுக்கு வேலை இருக்குமே சார்."

"இருக்கட்டும்."

அவள் கடைசி வரிசையைக் காட்டினாள். அழுதுகொண்டிருந்த ஒரு பையனுக்கும் மூக்கொழுகிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கும் நடுவில், முழங்கால் இரண்டும் மோவாயை இடிக்க, தலைமை ஆசிரியர் அந்தக் குட்டி பெஞ்சில் தன்னைத் திணித்துக்கொண்டார். அழுத பையன் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தான்.

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து, முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து பெயர் கேட்டாள். கடைசி பெஞ்சுக்கு வந்து, அவரிடமும் கேட்டாள். அவர் சொன்னார்.